கல்லூரியின் முதல் கியூப்சாட்: தனியாகப் பறக்கவிடவா, பிஎஸ்எல்வியின் நான்காம் நிலையில் ஏற்றவா?

அரும்பு_நெல்லை
3 ஜூன் 2025, இரவு 9.42

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இசிஇ துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பதினான்கு பேர், செயற்கைக்கோள் செய்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நிர்வாகத்துக்கும் ஆசைதான். 2027-ல் கல்லூரிக்கு வெள்ளிவிழா. அதற்குள் கல்லூரிப் பெயர் போட்ட ஒன்று மேலே சுற்ற வேண்டுமாம். பணம் எவ்வளவு என்று கேட்டால், 'முதலில் திட்டத்தைக் கொடுங்கள் சார்' என்கிறார்கள்.

இப்போதைய திட்டம் ஒரு யூனிட் கியூப்சாட். பத்து சென்டிமீட்டர் கனசதுரம், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உள்ளே ஒரு கேமரா, வெப்பநிலை சென்சார்கள், காந்தப்புலத்தை அளக்க ஒரு மேக்னெட்டோமீட்டர், குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்குச் செய்தி அனுப்பும் லோரா ரேடியோ, அப்புறம் ஒரு மாணவி சொந்தமாக வடிவமைத்த மின்காப்புச் சுற்று.

துறைத்தலைவர் வேறு மாதிரி சொல்கிறார். தனிக்கோள் வேண்டாம், இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட் கோளை விட்ட பிறகும் அதன் கடைசி, நான்காம் நிலை மேலேயே சுற்றுகிறது, அதில் சோதனைப் பெட்டிகளை ஏற்றுகிறார்களே, அந்தப் போயம் மேடையில் இடம் கேட்கலாம் என்கிறார். மாணவர்களுக்கு அதில் உப்புச்சப்பில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எது சரி?


மோர்ஸ்_முருகு
3 ஜூன் 2025, இரவு 10.15

தனிக்கோள்தான். யோசிக்கவே வேண்டாம்.

நான் மதுரைக்காரன், ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்கு வானொலியில், முப்பது வருடம். 2005 மே 5-ல் பிஎஸ்எல்வி சி6 எங்களைப் போன்ற ஹாம்களுக்கான ஹாம்சாட்டை ஏற்றிய அன்று மொட்டைமாடியில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன். 42.5 கிலோ எடை. உள்ளே இரண்டு டிரான்ஸ்பாண்டர், கீழிருந்து வரும் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி. ஒன்று நம் நாட்டில் செய்தது, இன்னொன்று நெதர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் செய்தது. ஆமாம், ஒரே ஒரு மாணவர். அதன் வழியாக மஸ்கட்டில் இருந்த ஒரு மலையாளியோடு நான் பேசியிருக்கிறேன். 2014 ஜூலையில் பேட்டரி கைவிடும் வரை ஒன்பது வருடம் உழைத்தது.

போயத்தில் உங்கள் பெட்டி போகும், வேலை செய்யும், டேட்டா ஒரு ஃபைலாக உங்களுக்கு வந்து சேரும். அதில் என்ன இருக்கிறது? தன் கோள் தொடுவானத்தில் ஏறும்போது அது விடாமல் அனுப்பும் அடையாளச் சிக்னலை, முதல் பீக்கனை, கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா?


கணக்குப்பிள்ளை
4 ஜூன் 2025, காலை 7.05

முகம் இருக்கட்டும் முருகு அண்ணா. அந்தப் பட்டியலில் புதிதாக எதைச் சோதிக்கிறார்கள் என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

500 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் எவ்வளவு, நிழல் எவ்வளவு என்பது அறுபது வருடமாகத் தெரியும். கேமராவா? ஒரு யூனிட் கோளில் வைக்கிற லென்சில் தாமிரபரணி ஒரு கோடாகத் தெரிந்தாலே அதிர்ஷ்டம். லோரா ஏற்கெனவே பறந்தாகிவிட்டது. 'தொழில்நுட்பப் பரிசோதனை' என்று பெயர் வைத்துவிட்டு, கடையில் வாங்கிய நான்கு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அனுப்பினால் அது பரிசோதனை ஆகிவிடாது. வெள்ளிவிழாவுக்குப் பந்தல் போட வேண்டும் என்றால் பந்தலே போடலாமே, மலிவு.


பழைய_டெலிமெட்ரி
4 ஜூன் 2025, காலை 11.30

கணக்குப்பிள்ளை கொஞ்சம் காரமாகச் சொல்லிவிட்டார். ஆனால் கேள்வி சரியான கேள்வி. நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது, நேரம் நிறைய இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலிவான சோதனைக் கோள் என்பது நேற்று வந்த யோசனை அல்ல. 1961 டிசம்பர் 12-ல் அமெரிக்காவில் ஹாம் ரேடியோக்காரர்கள் ஆஸ்கர்-1 என்று ஒன்றை அனுப்பினார்கள். நாலரைக் கிலோ. ராணுவ ராக்கெட் ஒன்றில் சமன் எடைக்காக வைக்கிற இடத்தில் உட்கார்ந்து போயிற்று. அதை வெளியே தள்ளிய ஸ்பிரிங் ஒரு சாதாரணக் கடையில் ஒன்றே கால் டாலருக்கும் குறைவாக வாங்கியது. அது மோர்ஸில் 'ஹாய்' என்று மட்டும் சொல்லும். ஆனால் எவ்வளவு வேகமாகச் சொல்கிறது என்பது உள்ளே இருக்கும் வெப்பநிலையைப் பொறுத்தது. 28 நாடுகளில் 570-க்கும் மேற்பட்டவர்கள் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணி அனுப்பினார்கள். ஒரே எழுத்துக்கோவையில் பீக்கனும் டெலிமெட்ரியும், அதாவது கோளின் உடல்நிலைத் தகவலும். இன்று வரை எனக்கு அதன்மேல் பொறாமை.

அடுத்து 1981 அக்டோபரில் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்திலிருந்து மார்ட்டின் ஸ்வீட்டிங் குழுவின் யூஓசாட்-1. ஐம்பது கிலோ சொச்சம். இதுதான் நீங்கள் சொல்கிற வகைக்குச் சரியான முன்னோடி. சாதாரணச் சந்தையில் கிடைக்கிற மைக்ரோபிராசசரை வைத்து, மேலே போன பிறகும் கீழிருந்து புரோகிராமை மாற்றலாமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. ஆறு மாதத்தில் ஒரு தவறு நடந்தது. 1982 ஏப்ரலில் இரண்டு பீக்கன்களும் ஒரே நேரத்தில் ஆன் ஆகிவிட்டன. கோள் போடுகிற சத்தத்தில் கோளின் காதே அடைத்துவிட்டது. கீழிருந்து என்ன கட்டளை கொடுத்தாலும் அதற்குக் கேட்காது. கடைசியில் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் இருக்கும் 46 மீட்டர் டிஷ்ஷை வைத்துக் கத்த வேண்டியிருந்தது. செப்டம்பரில்தான் மீண்டது. அப்புறம் 1989 வரை ஓடியது. அந்த ஐந்து மாதங்கள் ஸ்வீட்டிங் எப்படித் தூங்கினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இன்னொன்று நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே போனது. 2008 ஏப்ரல் 28, பிஎஸ்எல்வி சி9, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்கள் செய்த டெல்ஃபி-சி3. அதில் பேட்டரியே கிடையாது. வெயிலில் விழிக்கும், நிழலில் அணையும். சோதிக்க வேண்டியது புதுவகை மெல்லிய சோலார் செல்லும் கம்பியில்லாச் சூரிய சென்சாரும். இரண்டுக்கும் வெயிலில்தான் வேலை, பிறகு பேட்டரி எதற்கு? எடுத்துவிட்டார்கள். பேட்டரி இல்லாததால் பேட்டரி கெடவும் இல்லை. 2023 நவம்பரில் காற்றில் எரிந்து போகும் வரை பதினைந்து வருடம் மேலே இருந்தது.

நம் ஊருக்கு வந்தால் அனுசாட். 2009 ஏப்ரல் 20, பிஎஸ்எல்வி சி12, நாற்பது கிலோ. அண்ணா பல்கலைக்கழகம், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் தரைநிலையம். ஓர் இடத்தில் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு இன்னோர் இடத்துக்கு மேலே வரும்போது இறக்கிக் கொடுப்பது, அதுதான் அதன் வேலை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் கோள் அது. அதிலும் பாருங்கள், ஒரே ஒரு வேலை.

அரும்பு சார், உங்கள் பட்டியலில் ஐந்து பொருட்கள் இருக்கின்றன, கேள்வி ஒன்றுகூட இல்லை. அந்த மாணவியின் மின்காப்புச் சுற்று என்ன செய்யும்? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.


ஏழாவது_செமஸ்டர்
4 ஜூன் 2025, இரவு 11.48

இந்த இழையைப் பார்த்ததும் பழைய காயம் கிளறிவிட்டது.

பத்து வருடம் முன்பு நானும் ஒரு கல்லூரிக் கோள் குழுவில் இருந்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். இரண்டரை வருடம் உழைப்பு. ஏவுதல் நன்றாக முடிந்தது, பிரிந்தது, கைதட்டினோம், ஸ்வீட் கொடுத்தார்கள், நிர்வாகம் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் போட்டது. நாங்கள் தரைநிலையத்தில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தோம். வெறும் இரைச்சல்தான்.

நான்காம் நாள் ஜப்பானிலிருந்து ஒரு ஹாம் ஒரு ஒலிப்பதிவு அனுப்பினார். நாலு செகண்ட் பீக்கன், அப்புறம் பாதியில் வெட்டு. மறுபடி சில நிமிடம் கழித்து நாலு செகண்ட், வெட்டு. அதைக் கேட்டதும் என்ன நடந்திருக்கிறது என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. நிழலிலிருந்து வெயிலுக்கு வருகிறது, பேட்டரி கொஞ்சம் ஏறுகிறது, கம்ப்யூட்டர் விழிக்கிறது. விழித்த உடனே முதல் வேலையாக டிரான்ஸ்மிட்டரைப் போடச் சொல்லி நாங்கள் எழுதியிருந்தோம். டிரான்ஸ்மிட்டர் இழுக்கிற மின்சாரத்தில் வோல்டேஜ் விழுகிறது, ரீசெட். மறுபடி விழிக்கிறது, மறுபடி டிரான்ஸ்மிட்டர். இருபது நிமிடம் சும்மா இருந்து பேட்டரியை நிரப்பிக்கொள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் தப்பித்திருக்கும்.

மேஜையில் இது ஏன் தெரியவில்லை? மேஜையில் பவர் சப்ளை வைத்திருந்தோம். ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகச் சோதித்தோம், எல்லாம் பாஸ். முழுக்கோளையும் சேர்த்து, அதன் சொந்த பேட்டரியில், சோலார் பேனலுக்கு விளக்கு வைத்து, ஒரு முழு நாள் விட்டுப் பார்க்கவே இல்லை. தேதி நெருங்கிவிட்டது. எங்கள் கோளின் அதிகாரபூர்வ முடிவு 'வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையில் சேர்க்கப்பட்டது'. அந்த வாக்கியத்தைப் பார்த்தாலே இன்னும் எரிச்சல் வருகிறது.

சார், வெள்ளிவிழாத் தேதியை மட்டும் கோளோடு கட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.


மோர்ஸ்_முருகு
5 ஜூன் 2025, காலை 6.20

அம்மா, அந்த ஜப்பான்காரர் மாதிரி ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. உங்கள் கோள் பேசாமல் போனாலும் ஏன் பேசவில்லை என்று உங்களுக்குத் தெரிந்ததே. அதுவும் பாடம்தானே?


ஏழாவது_செமஸ்டர்
5 ஜூன் 2025, காலை 8.02

பாடம்தான் அண்ணா. ஆனால் அந்தப் பாடம் எங்கள் எட்டுப் பேரோடு போய்விட்டது. கல்லூரி அதை எழுதி வைக்கவும் விடவில்லை. அடுத்த குழு எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.


பனைமரத்தடி
5 ஜூன் 2025, பிற்பகல் 1.15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டின் முதல் ஆராய்ச்சிச் செய்மதி ராவணா-1 பற்றி இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். அதுவும் ஒரு யூனிட்தான், ஒரு கிலோ சொச்சம். இலங்கையர் இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கும்போது, பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து கோள் செய்யும் பேர்ட்ஸ்-3 திட்டத்தில் செய்தது. 2019 ஏப்ரலில் சரக்கு விண்கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17-ல் ஜப்பானின் கிபோ பகுதியிலிருந்து விடப்பட்டது. கூடவே நேபாளத்தின் செய்மதியும் ஜப்பானின் செய்மதியும்.

இதில் கவனிக்க வேண்டியது, மூன்றும் ஒரே வடிவமைப்பு. மூன்று நாட்டுப் பிள்ளைகளும் ஒரே மேஜையில் வேலை செய்தார்கள். முந்தைய பேர்ட்ஸ் குழுக்கள் விட்ட பிழைகளின் குறிப்புகள் இவர்கள் கைக்கு வந்தன, இவர்களுடையது அடுத்த குழுவுக்குப் போனது. ஏழாவது செமஸ்டர் அக்கா சொன்ன குறை அங்கே திட்டத்துக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது. லோராவும் அதில் ஒரு பரிசோதனையாக இருந்தது, ஆகவே கணக்குப்பிள்ளை அண்ணை சொன்னது சரி, அது புதிது இல்லை.

உங்கள் பிஎஸ்எல்வி தெற்கே போகும்போது எங்கள் தலைக்கு மேலே வராமல் வளைந்து போவதற்கே எரிபொருளைச் செலவழிக்கிறதாம். குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளம் வந்தால் சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்தக் கரைச்சல் இல்லை என்கிறார்கள். சந்தோஷம்!


நெல்லிக்காய்
5 ஜூன் 2025, பிற்பகல் 1.40

செய்மதி! எவ்வளவு அழகான சொல். நாங்கள் ஏன் 'செயற்கைக்கோள்' என்று ஐந்து முழத்துக்கு இழுக்கிறோம்?


கணக்குப்பிள்ளை
5 ஜூன் 2025, பிற்பகல் 2.10

செய்த மதி, செய்மதி. ஆனால் சூரியனைச் சுற்றுகிற கலத்தை அப்படிச் சொல்ல முடியாதே? மதி பூமியை அல்லவா சுற்றுகிறது.


நெல்லிக்காய்
5 ஜூன் 2025, பிற்பகல் 2.14

ஆரம்பித்துவிட்டார். இதற்கிடையில் ஜப்பானில் மரத்தில் கோள் செய்தார்களே, கியோட்டோ பல்கலைக்கழகம், லிக்னோசாட், பத்து சென்டிமீட்டர் மக்னோலியா மரப்பெட்டி, ஆணியும் பசையும் இல்லாமல் தச்சு மூட்டு போட்டது. 2024 டிசம்பரில் விண்வெளி நிலையத்திலிருந்து விட்டார்கள். நம் பனைமரத்தில் ஒன்று செய்தால் என்ன?


இழைக்காவலர்
5 ஜூன் 2025, பிற்பகல் 2.30

சொல்லாராய்ச்சிக்கும் பனைமரத்துக்கும் தனி இழை திறந்திருக்கிறேன். இங்கே அரும்பு சாரின் கேள்விக்கு வருவோம்.


அரும்பு_நெல்லை
6 ஜூன் 2025, இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாணவர்களை உட்காரவைத்து இந்த இழையைப் படிக்கச் சொன்னேன். முதலில் கணக்குப்பிள்ளை மேல் கோபம். பிறகு ஒரு பையன், 'சார், கேமராவை எடுத்துவிட்டால் என்ன குறையும்?' என்று கேட்டான். ஒன்றும் குறையாது. எடுத்துவிட்டோம்.

பழைய டெலிமெட்ரி ஐயா கேட்ட மின்காப்புச் சுற்று இதுதான். நாங்கள் பயன்படுத்துகிற மைக்ரோகண்ட்ரோலர் சந்தையில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ரகம், விண்வெளிக்கென்று செய்தது இல்லை. கதிர்வீச்சுத் துகள் ஒன்று அதில் பட்டால் உள்ளே ஷார்ட் மாதிரி ஆகி மின்சாரத்தை இழுத்து எரிந்துவிடும் என்று படித்திருக்கிறோம். அந்த மாணவியின் சுற்று மின்னோட்டம் திடீரென்று ஏறுவதை மைக்ரோசெகண்டில் பிடித்து, மின்சாரத்தைத் துண்டித்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுக்கும். மொத்தப் பாகங்களும் நூற்றைம்பது ரூபாய்க்குள். அப்படியானால் எங்கள் கேள்வி, 'இந்த மலிவுச் சுற்று ஒரு மலிவுச் சிப்பைக் காப்பாற்றுமா?' என்பதுதானே?


பழைய_டெலிமெட்ரி
7 ஜூன் 2025, காலை 10.50

இதுதானே கேள்வி! இதை ஏன் ஐந்தாவதாக, வாக்கியத்தின் வாலில் தொங்கவிட்டீர்கள்? அந்தப் பெண்ணிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்வதற்கு லேட்ச்-அப் என்று பெயர். துகள் பட்டு நினைவகத்தில் ஒரு பிட் மட்டும் 0-விலிருந்து 1 ஆவது வேறு, அது சிப்பைக் கொல்லாது, கணக்கைத்தான் கெடுக்கும். லேட்ச்-அப் சிப்பையே கொல்லும். விண்வெளித் தரச் சிப் என்றால் இதைத் தாங்கும், ஆனால் விலை பல மடங்கு. மலிவு நுண்கோள்களின் மொத்தப் பிழைப்பும், சாதாரணச் சிப்பை வைத்து எப்படியோ சமாளிப்பதில்தான் இருக்கிறது. 2013-ல் நாசா ஏம்ஸ் மையம் ஃபோன்சாட் என்று கைப்பேசியையே கோளாக்கிப் பறக்கவிட்டதும் இந்தத் துணிச்சலில்தான்.

இனி கசப்பான பகுதி. போயத்தில் போனால் உங்கள் பெட்டி லேட்ச்-அப்பைப் பார்க்காமலே திரும்பி எரிந்துபோக வாய்ப்பு அதிகம். போயம்-3-ஐ எடுங்கள். 2024 ஜனவரி 1-ல் எக்ஸ்போசாட் என்ற கோளை 650 கிலோமீட்டரில் விட்டுவிட்டு, 350 கிலோமீட்டருக்கு இறங்கி, மார்ச் 21-ல் பசிபிக்கில் முடிந்தது. பூமத்திய ரேகைக்கு அருகிலேயே சுற்றியது. துகள்கள் அதிகம் இறங்கும் தென் அட்லாண்டிக் பகுதியையும் துருவப் பக்கத்தையும் அது கிட்டத்தட்டத் தொடவே இல்லை. போயம்-4 அதே உயரம், ஆனால் பூமத்திய ரேகைக்கு 55 பாகை சாய்ந்த பாதை. அது பரவாயில்லை. எந்தப் பாதை கிடைக்கும் என்பது முதன்மைக் கோள் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது, உங்கள் கையில் இல்லை.


கணக்குப்பிள்ளை
7 ஜூன் 2025, நண்பகல் 12.20

அப்படியானால் மேலே அனுப்புவதே எதற்கு? டெல்லியில் இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர் போன்ற இடங்களில் கன அயனிக் கற்றையைச் சிப்பின்மேல் நேராகப் பாய்ச்சலாமே. மேலே மூன்று மாதத்தில் ஒன்று விழுமா விழாதா என்று காத்திருப்பதை, கீழே சில மணி நேரத்தில் ஆயிரம் தடவை பார்க்கலாம். நேரம் ஒதுக்கக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதானே. (நானும் கோபக்காரன் இல்லை. மாணவர்களிடம் சொல்லுங்கள்.)


ஏழாவது_செமஸ்டர்
7 ஜூன் 2025, இரவு 9.33

கற்றைக்கு முதலில் போக வேண்டும், முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கற்றை ஒன்றைச் சொல்லாது. அந்த ஆய்வகத்தில் பலகைக்குச் சுத்தமான மின்சாரம் கிடைக்கும், அறை வெப்பநிலையில் இருக்கும், பக்கத்தில் ஆள் நிற்பார். மேலே வெற்றிடம். தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு முறை சுடுகிறது, குளிர்கிறது. காற்று இல்லாததால் சூடு எளிதில் வெளியேறாது. அந்த நிலையில் காப்புச்சுற்று தேவையில்லாத நேரத்தில் துண்டிக்கிறதா என்பது முக்கியம். என் வேலையே இப்போது பவர் எலக்ட்ரானிக்ஸ்தான், அனுபவத்தில் சொல்கிறேன். காப்புச் சுற்றுகள் பெரும்பாலும் ஆபத்தைத் தவறவிடுவதால் கெட்ட பெயர் எடுப்பதில்லை, வீணாகத் துண்டித்துத்தான் எடுக்கின்றன.

அதனால் என் யோசனை. ஒரே சிப்பை வைத்து இரண்டு பலகை செய்யுங்கள். ஒன்றில் காப்புச்சுற்று, இன்னொன்றில் இல்லை. இரண்டுக்கும் ஒரே வேலை. ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால், 'எங்கள் சுற்று மூன்று மாதம் நன்றாக இருந்தது' என்பதற்குப் பொருளே கிடையாது, துகளே படாமலும் இருந்திருக்கலாம். இரண்டாவது, துகளுக்குக் காத்திருக்காதீர்கள். ஒரு மாஸ்ஃபெட் (மின்னணுச் சுவிட்ச்), ஒரு மின்தடை வைத்து, நீங்களே நாளுக்குச் சில முறை போலி லேட்ச்-அப் உண்டாக்குங்கள். சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று. துண்டிக்க எத்தனை மைக்ரோசெகண்ட் ஆயிற்று என்று பதியுங்கள். அதோடு ஒரு பெரிய மெமரிச் சிப்பை வைத்து எத்தனை பிட் புரண்டது என்று எண்ணுங்கள், மேலே எவ்வளவு துகள் இருந்தது என்பதற்கு அது ஒரு கணக்கு. இதெல்லாம் போயத்துக்குப் போதும். நல்ல உயரப் பாதை கிடைத்தால் லாபம்.

கடிகாரத்தைப் பற்றி ஒன்று. உங்கள் சுற்று மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுக்கும்போது சிப்பின் நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2014-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிக்சாட் இதில்தான் மாட்டியது. பிஸ்கட் அளவுகூட இல்லாத 104 குட்டிக் கோள்களை வயிற்றில் சுமந்து போனது. விண்வெளி நிலையத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்று பதினாறு நாள் கழித்துத் திறக்கும்படி டைமர். ஏப்ரல் 30-ல் ஒரு ரீசெட். கதிர்வீச்சால் இருக்கலாம் என்றார்கள். டைமர் மறுபடி பதினாறிலிருந்து எண்ணத் தொடங்கியது. திறக்க வேண்டிய புதுத் தேதி மே 16. கோள் காற்றில் எரிந்தது மே 14. ஆனாலும் விடவில்லை, 2019-ல் கிக்சாட்-2 வழியாக 105 குட்டிகளை வெளியே விட்டார்கள். ஆகவே நேரத்தை, துண்டிக்கப்படாத இடத்தில் வையுங்கள்.


அரும்பு_நெல்லை
7 ஜூன் 2025, இரவு 10.10

மேடம், இதை அப்படியே அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டப்போகிறேன். அந்த மாணவி உங்களிடம் நேரடியாகச் சில கேள்விகள் கேட்கலாமா?


ஏழாவது_செமஸ்டர்
7 ஜூன் 2025, இரவு 10.12

தாராளமாக. எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்று புலம்பியவள் நான்!


மோர்ஸ்_முருகு
8 ஜூன் 2025, காலை 6.45

சரி, நான் தோற்றுவிட்டேன். அந்தச் சுற்றுக்குப் போயம்தான் பொருத்தம். ஆனால் முழுசாக விடமாட்டேன்.

முதலாவது, போயம் போக பிஎஸ்எல்வி போக வேண்டும். மே 18-ல் சி61 மூன்றாம் நிலையில் அழுத்தம் குறைந்து போனதைப் பார்த்தோம். அடுத்தது எப்போது என்று தெரியாமல் 2027 வெள்ளிவிழா என்று நிர்வாகத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். தனியார், கல்லூரி விண்வெளித் திட்டங்களுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்ஸ்பேஸுக்கு இப்போதே எழுத ஆரம்பியுங்கள், காகித வேலைக்கு என்று ஒரு மாணவரைத் தனியாக ஒதுக்குங்கள். கிண்டல் இல்லை, உண்மையாகச் சொல்கிறேன். பின்னால் தனிக்கோள் செய்தால் ஹாம் அலைவரிசை ஒருங்கிணைப்பும், அலைவரிசை உரிமம் தரும் மத்திய அரசின் டபிள்யூபிசி உரிமமும் சேரும். அதற்கு ஆகிற காலம் பலகை செய்வதைவிட அதிகம்.

இரண்டாவது, காத்திருக்கிற நாளில் சும்மா இருக்காதீர்கள். கூரையில் ஒரு தரைநிலையம் போடுங்கள். ஸ்டீல் அளவுநாடாவை வெட்டி, பிவிசி குழாயில் கட்டினால் யாகி ஆண்டெனா, ஒரு திசையை நோக்கிக் கேட்கும் வகை. ரேடியோ கேட்கும் யூஎஸ்பி டாங்கிள் ஒன்று, லேப்டாப் ஒன்று. தாழ்ந்த பாதையில் சுற்றும் ஒரு கோள் தலைக்கு மேலே வந்தால் சுமார் பத்து நிமிடம். 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்) வேகத்தில் அந்தப் பத்து நிமிடமும் ஒரு பிட் விடாமல் வாங்கினாலும் 90 கிலோபைட்தான். உங்கள் பிள்ளைகள் கேமரா கேட்டார்கள் அல்லவா, ஒரு சுமாரான படத்தை இறக்கவே எத்தனை நாள் ஆகும் என்று அவர்களே கையால் கணக்குப் போடட்டும். கோள் நெருங்கி விலகும் வேகத்தால் அலைவரிசை நகரும் டாப்ளர் விலகல், 435 மெகாஹெர்ட்சில் பத்து கிலோஹெர்ட்ஸ் வரை ஓடும். இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் ஏறாது, ரேடியோ குமிழைத் திருகினால் ஏறும்.

முதலில் ஏஓ-7 என்ற பழைய ஹாம் கோளைக் கேளுங்கள். 1974 நவம்பரில் போனது, 29 கிலோ. 1981-ல் பேட்டரி ஷார்ட் ஆகிச் செத்தது. எல்லோரும் அழுதுவிட்டு மறந்துவிட்டார்கள். 2002 ஜூனில் ஒருநாள் யாரோ பீக்கன் கேட்கிறார்! உள்ளே ஷார்ட் ஆகியிருந்த பேட்டரி விட்டுப்போய் இணைப்பே அறுந்தது போல் ஓப்பன் ஆகிவிட்டது, சோலார் பேனலிலிருந்து நேராக மின்சாரம். அன்று முதல் வெயிலில் பேசுகிறது, நிழலில் தூங்குகிறது. டெல்ஃபி மாணவர்கள் யோசித்துச் செய்ததை இது தானாகவே செய்துகொண்டது.


பழைய_டெலிமெட்ரி
8 ஜூன் 2025, காலை 9.15

முருகு, இதை நான் எழுத வேண்டியது. முந்திக்கொண்டீர்.


அரும்பு_நெல்லை
17 ஆகஸ்ட் 2025, இரவு 8.55

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தேர்வு, விடைத்தாள் திருத்தல்.

நிலவரம் இது. திட்டம் இப்போது ஒரே பெட்டி. உள்ளே இரட்டைப் பலகை, மெமரிச் சிப், போலி லேட்ச்-அப் சுற்று. கற்றை நேரத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். நிர்வாகத்திடம் நான்காம் நிலை என்றதும், 'அப்போ அது நம் செயற்கைக்கோள் இல்லையா?' என்று முகம் சுருங்கியது. துறைத்தலைவர் போயம்-4-ல் இஸ்ரோ காராமணி விதையை நான்கே நாளில் முளைக்கவைத்த படத்தைக் காட்டினார். அந்த விதையும் இதே மேடையில்தான் போனது என்றதும் சரி என்றார்கள். வெள்ளிவிழாவுக்குத் தேதி எதுவும் சொல்லவில்லை. பெட்டியின் மாதிரி ஒன்றை மேடையில் வைப்பதாக ஒப்பந்தம்.

பெட்டியை அதன் சொந்த பேட்டரியில் முதல்முறை முழு நாள் ஓடவிட்டோம். பதினொன்றாவது மணி நேரத்தில் காப்புச்சுற்று காரணமே இல்லாமல் துண்டித்தது. மெமரிச் சிப் எழுதத் தொடங்கும்போது இழுக்கிற மின்னோட்டத்தை அது ஆபத்து என்று நினைத்துவிட்டது. ஏழாவது செமஸ்டர் மேடம் சொன்ன அதே நோய். அந்த மாணவி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, மூன்றாம் நாள் ஒரு கெப்பாசிட்டரை மாற்றினாள்.

அப்புறம் முருகு சார், அளவுநாடா யாகி வேலை செய்கிறது. நேற்று மாலை ஏஓ-7. முதல் ஐந்து நிமிடம் எதுவும் இல்லை, ஒரு பையன் ஆண்டெனாவை மேற்கே பிடித்துக்கொண்டிருந்தான், பார்த்தால் திசைகாட்டி ஆப் தப்பு. திருப்பியதும் மெல்லிசாக மோர்ஸ் வந்தது, சுருதி இறங்கிக்கொண்டே போனது. பதினான்கு பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். முடிந்ததும் ஒருவன், 'சார், இது எங்க அப்பா பிறக்கிறதுக்கு முன்னாடியே போனது' என்றான்.


மோர்ஸ்_முருகு
17 ஆகஸ்ட் 2025, இரவு 9.01

ஒலிப்பதிவு இருந்தால் போடுங்கள். மோர்ஸில் என்ன சொன்னது என்று யாராவது எழுதி எடுத்தார்களா?


அரும்பு_நெல்லை
17 ஆகஸ்ட் 2025, இரவு 9.06

இரண்டு எழுத்துதான் பிடிபட்டது. மீண்டும் மீண்டும் நாலு புள்ளி, இரண்டு புள்ளி.


பழைய_டெலிமெட்ரி
17 ஆகஸ்ட் 2025, இரவு 9.10

ஹாய்.